அனலைதீவுக்கு எந்த ஸ்கான்?

அனலைதீவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் கையில் கிடைத்த படகைப் பிடித்து ஊர்காவற்றுறைக்கு ஓடுவார்கள். அங்கிருந்து வேலணை, பண்ணைப் பாலம், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை. கடல் குழம்பியிருந்தாலும் எப்படியாவது ஒரு படகை ஒழுங்குபண்ணப் பார்ப்பார்கள். மறதிக்கு அப்படி யாரும் படகு தேடுவதில்லை. அடுப்பில் வைத்த உலை வற்றித் தீய்ந்துபோகிறது, கோயிலுக்குப் போன ஆச்சி வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையைத் தவறவிடுகிறார், எப்போதோ செத்துப்போன தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். "ஆச்சிக்கு அறளை பேந்திட்டுது" என்று அயலவர் சொல்வதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. வயது போனால் வருவதுதானே.

முடிந்த விசாரணையை மறுபடி திறப்பவர்கள் பெரும்பாலும் தீவில் இல்லாதவர்கள். போர்க்காலத்தில் தீவுப்பகுதி தன் ஆட்களை இழந்தது. புகையிலைத் தோட்டத்தாலும் மீன்பிடியாலும் பிடித்துவைக்க முடியாத தலைமுறை ரொறொன்ரோ, பாரிஸ், லண்டன் என்று போய்ச் சேர்ந்தது. பெற்றோர் பலர் இங்கேயே தங்கினர். அரை மணி நேர வாட்ஸ்அப் பேச்சில் தாய் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பதை, நாளும் பொழுதும் பார்க்கும் அயல்வீட்டாரைவிடக் கடல்கடந்த மகள் முதலில் கவனிக்கிறாள். மறதி தொடங்குவதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே அல்சைமர் நோயின் தடயத்தைக் காட்டும் ஸ்கான் ஒன்று உண்டென்று அவள் படித்திருப்பாள். அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் அதை எடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்பாள். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் அவள் எதிர்பார்க்கும் பக்கத்தில் இல்லை.

அந்த இருபது ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.

1901இல் பிராங்பேர்ட் மனநல மருத்துவமனையில் ஓகஸ்ற்றே டீற்றர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். 1906இல் அவர் இறந்த பிறகு அலோய்ஸ் அல்சைமர் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே ஏதோ படிந்து கிடந்தது. கலங்களுக்கு உள்ளே இழைகள் முறுகிக் கிடந்தன. வெளியே படிவது அமிலோயிட் என்ற புரதம், உள்ளே முறுகுவது டௌ என்ற புரதம் என்று பின்னாளில் தெரிந்தது. இந்த இரண்டையும் கண்ணால் காண வேண்டுமானால் நோயாளி இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு நிலைமை அதுதான்.

2002 பெப்ரவரியில் சுவீடனின் உப்சாலா நகரில் அது மாறியது. அமிலோயிட்டில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாயத்தைப் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்க், செஸ்ரர் மத்திஸ் இருவரும் மாற்றியமைத்து, அதில் சிறிதளவு கதிரியக்கக் கரிமத்தை ஏற்றியிருந்தனர். உயிரோடிருக்கும் மனிதருக்கு அதை ஊசியாகப் போட்டு, பெட் ஸ்கான் இயந்திரத்தில் படுக்கவைத்துப் பார்த்தது உப்சாலாக் குழு. 16 நோயாளிகளையும் 9 நலமானவர்களையும் ஒப்பிட்ட அறிக்கை 2004இல் வெளியானது. நோயாளிகளின் மூளையில் முன்பகுதியும் பக்கவாட்டும் ஒளிர்ந்தன. நலமானவர்களில் பெரும்பாலோரின் மூளை இருண்டு கிடந்தது.

உப்சாலாவில் அந்தப் பரிசோதனையில் முன்னின்றவர்களில் ஒருவர் ஹென்றி எங்ளர். உருகுவே நாட்டின் துப்பமாரோ கெரில்லா இயக்கத்தில் இருந்தவர். 1972இல் பிடிபட்டு, 1985வரை சிறையிலிருந்தார். அதில் பல ஆண்டுகள் தனிமைச் சிறை. விடுதலையான பின் அகதியாகச் சுவீடன் போய், விட்ட மருத்துவப் படிப்பைத் தொடர்ந்து முடித்தவர். இயக்கம், சிறை, ஐரோப்பிய அகதி வாழ்க்கை மூன்றையும் நன்கறிந்த யாழ்ப்பாணத்து வாசகருக்கு இந்த வாழ்க்கை வரலாறு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

அதற்குப் பின் வந்த பத்தாண்டில் ஆயிரக்கணக்கானோர் அப்படி ஸ்கான் செய்யப்பட்டனர். அவுஸ்திரேலியக் குழுவொன்று ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து 2013இல் ஒரு கணக்குச் சொன்னது. அமிலோயிட் சந்தேகத்துக்குரிய அளவைத் தொட்டதிலிருந்து, அல்சைமர் நோயாளிகளிடம் காணப்படும் அளவை எட்ட ஏறத்தாழ 19 ஆண்டு எடுக்கிறது. எழுபத்தைந்து வயதில் மறதியோடு வருபவருக்கு ஐம்பத்தைந்து வயதளவில் படிவு தொடங்கியிருக்கலாம் என்பது இதன் பொருள். மகள் படித்த இருபது ஆண்டு இதுதான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு உண்மை வெளிவருகிறது. படிவு இருப்பவர் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, ஜப்பான் நாடுகளில் நடந்த ஏ4 என்ற ஆய்வுக்காக 65 முதல் 85 வயதுவரையான, நினைவாற்றல் சரியாக இருந்த 4,486 பேர் பெட் ஸ்கான் செய்யப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் அமிலோயிட் உள்ளவர்களாகக் கணிக்கப்பட்டனர். இவர்களில் எவருக்கு, எப்போது மறதி வரும் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிலர் தொண்ணூறு வயதிலும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். சிலர் மறதி வருமுன் வேறு நோயில் போய்விடுவார்கள். ஏ4 ஆய்வில் கொடுத்துப் பார்த்த மருந்தும் 2023இல் தோற்றுப்போனது. நலமாக இருக்கும் தாய்க்கு இந்த ஸ்கானை எடுத்தால் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கவலை மட்டுமே.

டௌ புரதத்தின் நடத்தை வேறு. ஜேர்மானியர்களான ஹைகோ பிராக், ஈவா பிராக் தம்பதி 1991இல் இறந்தவர்களின் மூளைகளை வரிசைப்படுத்திக் காட்டியது போல, அது காதுக்கு உட்புறமாக, மூளையின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு வட்டாரத்தில் தொடங்குகிறது. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. டௌ அங்கிருந்து வெளியே பரவப் பரவ மறதியும் கூடுகிறது. டௌவைக் காட்டும் பெட் மருந்துக்கு அமெரிக்கா 2020 மே மாதம் அனுமதி கொடுத்தது. எந்த ஊசியும் இல்லாமல் எம்.ஆர்.ஐ. இயந்திரம் காட்டுவது இந்தப் பரவலின் பின்விளைவை, அதாவது ஹிப்போகாம்பஸ் சுருங்குவதை. வயதானவர் எல்லோருக்கும் அது சுருங்கும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நலமானவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 சதவீதம், அல்சைமர் நோயாளிகளில் 4.7 சதவீதம் என்று வந்தது. ஒரு படம் போதாது, இடைவெளிவிட்டு எடுத்த இரண்டு படம் வேண்டும் என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

அனலைதீவிலிருந்து பார்த்தால் பெட் ஸ்கானுக்கு இன்னொரு சிக்கல்: அதன் மருந்து காத்திருக்காது. உப்சாலாவில் பயன்படுத்திய கதிரியக்கக் கரிமம் 20 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகிவிடும். அதை உற்பத்தி செய்யும் சைக்ளோட்ரன் இயந்திரம் இருக்கும் வளவைவிட்டு அதை வெளியே கொண்டுபோகவே முடியாது. பின்னர் வந்த மருந்துகளில் கதிரியக்கப் புளோரின் இருக்கிறது. அது பாதியாக 110 நிமிடம். கொழும்பில் காலையில் ஏற்றி, ஏ9 வீதியால் எட்டு மணி நேரம் ஓட்டி யாழ்ப்பாணம் கொண்டுவந்தால் ஏற்றியதில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதையும் படகில் ஏற்றி அனலைதீவுக்குக் கொண்டுபோவது பற்றிப் பேசத் தேவையில்லை.

இலங்கையின் பொது மருத்துவத்துக்குப் பெட் ஸ்கான் வந்த கதையை மறக்கக் கூடாது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரு பெட் இயந்திரம் வேண்டுமென்று 2016இல் கதீஜா அறக்கட்டளை பொதுமக்களிடம் கையேந்தியது. மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த எம். எஸ். எச். மொஹமட் என்ற தந்தை அதன் முன்னணியில் நின்றார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கொடுத்த பணம் 20 கோடி ரூபாயை எட்டியது. சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஏற்றிப் புற்றுக் கட்டியைத் தேடும் இயந்திரம் அது. அதே மருந்தைக் கொண்டு மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறது என்றும் பார்க்கலாம். அல்சைமர் நோயில் மூளையின் பக்கவாட்டும் பின்மேற்பகுதியும் அப்படி மங்கித் தெரியும். ஆனால் புற்றுநோயாளிகளின் வரிசைக்கு முன்னால், நலமாயிருக்கும் ஒருவருடைய எதிர்கால மறதியைத் தேடி இடம் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

இதைவிட அடிப்படையான கேள்வி, படத்தை எதனோடு ஒப்பிடுவது என்பது. ஒருவரின் ஹிப்போகாம்பஸ் சிறிது என்று சொல்ல, அவருடைய வயதில் நலமானவருக்கு அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். உலகம் பயன்படுத்தும் அளவுகோல்களில் பெரும்பாலானவை வட அமெரிக்க, ஐரோப்பிய மூளைகளை அளந்து செய்தவை. 2004இல் தொடங்கிய அமெரிக்காவின் பெரிய அல்சைமர் படப்பதிவுத் திட்டத்தின் ஆரம்பப் பங்கேற்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள், நன்கு படித்தவர்கள். 2019இல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தோடு சேர்ந்து, நூறு இந்தியர்களின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து ஒரு மூளை வரைபடம் செய்தார்கள். மொன்றியல் நகரில் செய்யப்பட்டு உலகெங்கும் புழங்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டால் இந்திய மூளை உயரத்திலும் அகலத்திலும் கொள்ளளவிலும் சிறிது என்று அது காட்டியது. அறிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உயரம் குறைந்தவருக்குச் சட்டை சிறிதாகத் தைப்பதைப் போன்றதுதான். ஆனால் கணினி அந்த வெளிநாட்டு அளவை வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண்ணின் மூளையைப் பார்த்து "சுருங்கியிருக்கிறது" என்று எழுதினால் ஒரு குடும்பம் முழுவதும் தூக்கம் கெடும். அந்த நூறு பேரும் இருபது சொச்ச வயதினர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதியவர்களுக்கான உள்ளூர் அளவுகோல் அதைவிடப் பின்தங்கிய வேலை.

படம் எடுப்பதற்கு முந்திய சோதனைகளிலும் இதே கோளாறு உண்டு. இன்றைய தேதி என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வசனம் எழுதுங்கள் என்று கேட்கும் நினைவுச் சோதனை, பள்ளிக்கூடம் போகாத கிழவருக்கு நோயில்லாமலே நோய்ப்பட்டம் கட்டிவிடும். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்த இந்திய, அமெரிக்கக் குழு இதை உணர்ந்து, காலையா மாலையா என்பது போன்ற கேள்விகளைக் கொண்ட ஹிந்திச் சோதனையொன்றை உருவாக்கிக்கொண்டது. அதை வைத்து அவர்கள் கண்டது வியப்பூட்டியது. 65 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ 5 பேருக்கே அல்சைமர் புதிதாக வந்தது. ஒப்பிட்டுப் பார்த்த பென்சில்வேனியா வட்டாரத்தில் அது 17.5. நோய் உண்மையிலேயே குறைவா, நோய் முற்றுமுன் ஆட்கள் இறந்துவிடுகிறார்களா, கூட்டுக்குடும்பத்தில் மறதி வெளியே தெரிவதில்லையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்த விவாதத்தைப் படங்களாலும் இரத்தப் பரிசோதனைகளாலும்தான் தீர்க்க முடியும்.

தமிழகத்தில் செங்கல்பட்டுப் பக்கம் திருப்போரூர்க் கிராமங்களில் எஸ். ராஜ்குமாரும் ஆர். தாராவும் செய்த ஆய்வு 1997இல் வெளிவந்தது, முதியவர்களில் 3.5 சதவீதத்தினரிடம் மறதி நோய் இருந்தது. இலங்கையில் றாகமையில் 65 வயதைக் கடந்த 703 பேரைப் பார்த்து ஏ. டி சில்வா குழுவினர் 2003இல் கொடுத்த எண் 3.98 சதவீதம், அதில் பெரும்பங்கு அல்சைமர். இந்தியா முழுவதும் 60 வயதைக் கடந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்த லாசி-டாட் ஆய்வு 2023இல் 7.4 சதவீதம் என்றது. முறைகள் வேறு, காலம் வேறு. ஆனாலும் திசை விளங்குகிறது.

இலங்கை மூளைகளைப் பற்றிய நேரடிச் சான்றும் உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் ரணில் டி சில்வா, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, இறந்த முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்தார். 2016இல் வந்த அந்த அறிக்கையின் மையப்பொருள், அல்சைமர் மாற்றங்களில் இரத்தக்குழாய்களுக்கு உள்ள பங்கு. அனலைதீவுக்கு அமிலோயிட்டைவிட இது முக்கியமான செய்தி. ஏனெனில் இரத்தக்குழாய்ச் சேதத்தைக் காண சைக்ளோட்ரனும் வேண்டாம், கதிரியக்க மருந்தும் வேண்டாம். சாதாரண எம்.ஆர்.ஐ. போதும்.

எம்.ஆர்.ஐ. படத்தில் அது பல வடிவங்களில் தெரியும். மூளையின் வெண்பகுதியில் வெள்ளைத் திட்டுகள். ஆளுக்கே தெரியாமல் வந்துபோன சிறு பக்கவாதங்களின் குழிகள். சிறு இரத்தக் கசிவுகளின் கரும்புள்ளிகள். இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த ஒன்றைப் பற்றிய ஆய்வு சிங்கப்பூரிலிருந்து வந்தது. நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் மறதி நோய் ஆய்வு மையத்தை நடத்துபவர் நரம்பியல் வைத்தியர் நாகேந்திரன் கந்தையா. மூளையின் இரத்தக்குழாய்களைச் சுற்றி மெல்லிய இடைவெளிகள் உண்டு. மூளையில் சேரும் கழிவுப் புரதங்கள் அவற்றின் வழியே வெளியேறுகின்றன. வடிகால் அடைத்தால் வாய்க்கால் வீங்குவதுபோல், கழிவு தேங்கினால் அந்த இடைவெளிகள் பருத்து எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியத் தொடங்கும். கந்தையாவின் குழு சிங்கப்பூரின் பல இனங்களையும் சேர்ந்த ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பார்த்து 2025இல் முடிவுகளை வெளியிட்டது. இலேசான நினைவுக் குறைவு உள்ளவர்களிடம் இந்தப் பருத்த இடைவெளிகள் கூடுதலாக இருந்தன. இரத்தத்தில் அளந்த அல்சைமர் தொடர்பான ஏழு பொருள்களில் நான்கோடு அவற்றுக்குத் தொடர்பு இருந்தது.

வெள்ளைத் திட்டுகளைப் பல ஆண்டுகளாகவே வைத்தியர்கள் பார்த்து வருகிறார்கள். அவை இந்த இரத்தப் பொருள்களில் கூடுதலானவற்றோடு தொடர்புபட்டிருந்தன. ஆனால் மறதி இலேசாகத் தொடங்கிய கட்டத்தில், தொடர்பின் வலு பருத்த இடைவெளிகளுக்கே அதிகம் என்று குழு சொன்னது. இதிலுள்ள சுவை, புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை என்பதுதான். தலைவலிக்கும் தலைச்சுற்றுக்கும் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களிலேயே இவை பதிந்திருக்கும். பார்க்கத் தெரிந்த கண்தான் வேண்டும். ஒரே ஆட்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தபின்னரே இதை நோய்க்குறியாக நம்பலாம். அதுவரை இதை உறுதியான சோதனையென்று விற்பவர்களிடம் விலகியிருப்பது நல்லது.

தொடர்ந்து பார்ப்பது எப்படியென்று கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் காட்டிக்கொண்டிருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவன வளாகத்திலுள்ள மூளை ஆய்வு மையம், விஜயலட்சுமி ரவீந்திரநாத் தலைமையில், ஸ்ரீனிவாசபுர வட்டாரக் கிராமங்களில் 45 வயதைக் கடந்த பத்தாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடரும் திட்டத்தை 2018இல் ஆரம்பித்தது. இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் குடும்ப அறக்கட்டளை மையத்துக்குப் பணம் கொடுக்கிறது. கிராமத்தவர்களை வாகனத்தில் பெங்களூருக்கு அழைத்துவந்து நினைவுச் சோதனை, இரத்தம், மரபணு, எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். மாந்தோப்பிலும் பட்டுப்பூச்சி வளர்ப்பிலும் உழைத்தவர்களின் மூளைப் படங்கள் இப்படித்தான் முதன்முதலாக ஓர் ஆய்வகத்தில் ஒழுங்காகச் சேர்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு முதியவர்களையும் அப்படி யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்து பார்ப்பது நினைத்தும் பார்க்க முடியாத செலவல்ல.

வடபகுதியில் ஓர் இடையூறு உண்டு. கோலாரில் அது கிடையாது. எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். உள்ளே போகுமுன் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். வேறு ஊர்களில் இந்தக் கேள்வி இதய முடுக்கியையும் செயற்கை மூட்டையும் பற்றியது. இங்கே செல் துண்டைப் பற்றியது. போரில் காயப்பட்டு, எடுக்காமலே விட்ட இரும்புச் சிதறலோடு முதுமையை எட்டியவர்கள் வடக்கில் இருக்கிறார்கள். கண்ணுக்கோ மூளைக்கோ பக்கத்தில் இரும்புத் துண்டு இருந்தால் காந்தம் அதை நகர்த்திவிடக்கூடும். மறதி உள்ளவரிடம் முப்பது வருடத்துக்கு முந்திய காயத்தைப் பற்றிக் கேட்டால் சரியான பதில் வருமா? அதனால் முதலில் ஓர் எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பதே புத்தி. ஐயமிருந்தால் சி.ரி. ஸ்கானோடு நிறுத்த வேண்டியதுதான்.

சி.ரி. ஸ்கான் அப்படியொன்றும் மட்டமானதல்ல. அறளை என்று ஊர் முடிவு கட்டியவர்களில் சிலருக்கு இருப்பது அல்சைமரே அல்ல. கிணற்றடியில் வழுக்கி விழுந்து, ஆறு வாரம் கழித்துக் குழம்பிப் பேசத் தொடங்கும் அப்புவுக்கு மண்டையோட்டுக்கு உள்ளே மெல்ல இரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம், சி.ரி. அதை நிமிடங்களில் காட்டும், சத்திரசிகிச்சை செய்தால் பழைய ஆளாக எழும்பிவிடலாம். கால் தரையில் ஒட்டினாற்போல் நடை, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி மூன்றும் ஒன்றாக வந்தால் மூளையின் நீரறைகள் வீங்கியிருக்கலாம். அதுவும் படத்தில் தெரியும், அதற்கும் வழியுண்டு. தைரொயிட் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு இவற்றுக்கு ஸ்கானே வேண்டாம். பிள்ளைகள் எல்லோரும் போய்விட்ட வீட்டில் மனச்சோர்வு மறதியாக வேடம் போடுவது அபூர்வமும் அல்ல. மறதிக்கு எடுக்கும் முதல் ஸ்கானின் வேலை அல்சைமரைக் கண்டுபிடிப்பதைவிட, திருத்தக்கூடிய இந்த நோய்களைத் தவறவிடாமல் பிடிப்பதுதான். கடல்கடந்த மகளுக்குச் சொல்ல வேண்டிய பதிலில் பாதி இது.

மறுபாதி மருந்தைப் பற்றியது. அமிலோயிட்டை மூளையிலிருந்து அகற்றும் லெக்கனமாப் மருந்துக்கு அமெரிக்கா 2023இல் முழு அனுமதி கொடுத்தது. டொனனமாப் 2024இல் வந்தது. லெக்கனமாப் 18 மாதத்தில் நோயின் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. நிறுத்தவில்லை. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாளத்தில் ஏற்ற வேண்டும். அறிமுகமானபோது ஆண்டு விலை 26,500 டொலர். பத்தில் ஒருவருக்கும் மேல் மூளையில் வீக்கம் தெரிந்தது. அதைக் கண்காணிக்கத் தொடக்கத்தில் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இரு வாரத்துக்கொரு முறை கடல் கடந்து வந்து, நடுநடுவே எம்.ஆர்.ஐ. எடுத்து, அவசரமென்றால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய மருந்து அனலைதீவு ஆச்சிக்கு இன்றைய நிலையில் பொருந்தாது. இதை ஏழை நாட்டின் புலம்பலாகச் சொல்லவில்லை. பணமிருந்தாலும் தூரம் குறையாது.

பெட் ஸ்கானின் இடத்தைப் பிடிக்க இரத்தப் பரிசோதனை வந்துகொண்டிருக்கிறது. டௌவின் ஒரு வடிவத்தையும் அமிலோயிட்டையும் இரத்தத்தில் அளக்கும் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 55 வயதைக் கடந்த, மறதி ஏற்கெனவே தொடங்கியவர்களுக்கு மட்டும். ஒரு குப்பி இரத்தத்தைக் குளிரில் வைத்துப் படகில் அனுப்பலாம். ஆச்சியை அனுப்ப வேண்டியதில்லை. தீவுகளுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் எந்த அளவைத் தாண்டினால் நோய் என்ற வரம்பை நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் மலிந்த நம்மவர்களின் இரத்தத்தில் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். சிறுநீரகம் பழுதானால் இந்தப் புரதங்களின் அளவு மூளை நோயில்லாமலே உயரக்கூடும்.

இரத்தக்குழாய்க்கு இன்றே செய்யக்கூடியவை வேறு. மறதி நோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மதிப்பிட்டது. 14 காரணங்களைச் சொன்னது. நடுவயது இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, புகைத்தல், செவிப்புலன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதில் அடக்கம். புகையிலையை விளைவித்தே வாழ்ந்த தீவில், சுருட்டை விடச் சொல்வது எளிதான உபதேசமல்ல. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கும், கண்ணில் வெண்படலம் எடுப்பதற்கும், காது கேட்கிறதா என்று சோதிப்பதற்கும் அப்படியொரு தடையில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் திட்டைக் கண்டால் வைத்தியர் எழுதிக் கொடுப்பதும் பெரும்பாலும் அந்த அழுத்த மாத்திரைதான்.

பிறகு எதற்குத்தான் தீவுக்கு ஸ்கான்? ஆய்வுக்கு வேண்டும். தடுப்பு வேலை பலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே ஒரு நல்ல செய்தி. ஹைப்பர்பைன் என்ற அமெரிக்க நிறுவனம் சக்கரம் பூட்டிய சிறிய எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைச் செய்கிறது, அமெரிக்க அனுமதி 2020இல் கிடைத்தது. வழக்கமான இயந்திரங்களின் காந்த வலிமை 1.5 அல்லது 3 டெஸ்லா, இதற்கு 0.064 மட்டுமே. எடை ஏறத்தாழ 630 கிலோ. சுவரிலுள்ள சாதாரண மின்செருகியில் வேலை செய்யும். தனி அறையோ திரவ ஹீலியமோ கேட்பதில்லை. ஆபிரிக்காவில் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பார்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள். மசாசூசெற்ஸ் பொது மருத்துவமனைக் குழு 2024இல் இதை அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்தது. படம் மங்கல்தான், ஆனால் கணினியால் கணக்கிட்ட ஹிப்போகாம்பஸின் அளவும் வெள்ளைத் திட்டுகளின் அளவும் பெரிய இயந்திரத்தின் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போயின. அமிலோயிட்டை இது காட்டாது, பருத்த இடைவெளிகளின் நுட்பத்தைக் காட்டுவதும் கடினம். செல் துண்டு உள்ளவருக்கு இதிலும் எச்சரிக்கை வேண்டும்.

630 கிலோவைப் படகில் ஏற்றலாம். அனலைதீவுக்குச் சீமெந்தும் உழவு இயந்திரமும் அப்படித்தான் போகின்றன. மின்சாரம்தான் சங்கடம். தீவுகளுக்குத் தனித்தனி டீசல் மின்பிறப்பாக்கிகள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியவொளி, காற்று, மின்கலம் சேர்ந்த மின்திட்டத்தை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க இலங்கை முடிவு செய்தது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் சீனா வருவதை இந்தியா விரும்பவில்லை. 2022 மார்ச்சில் இந்தியாவின் நன்கொடையில் செய்வதென்று உடன்பாடு மாறியது. 2024 மார்ச்சில் 1.1 கோடி டொலருக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஓர் ஊரின் மின்விளக்குக்காக இரண்டு பெரிய நாடுகள் இழுபறிப்படுவதைத் தீவார் வேடிக்கையோடு பார்த்திருக்கக்கூடும். தடையில்லா மின்சாரம் வந்துவிட்டால் ஊர் வைத்தியசாலையின் ஓர் அறையில் இப்படியொரு இயந்திரத்தை ஒரு மாதம் நிறுத்திவைத்து, அறுபது வயதைக் கடந்தவர்களையெல்லாம் படமெடுத்து, அடுத்த மாதம் எழுவைதீவுக்கு நகர்த்தலாம். இரண்டு ஆண்டு கழித்து அதே வரிசையில் திரும்பி வரலாம். படங்களை இணையத்தில் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பி, அங்கிருக்கும் கதிரியக்க வைத்தியரைக் கொண்டு வாசிக்கவைக்கலாம். இயந்திரத்தின் விலையைவிட, அந்த வாசிப்பவரின் நேரத்துக்கும், வீடு வீடாகப் போய் முதியவர்களோடு உட்கார்ந்து பேசும் ஒரு சுகாதாரப் பணியாளரின் சம்பளத்துக்கும் பணம் தேடுவதே கடினமாக இருக்கும்.